எள்ளல் நகையும் எள்ளப்படுவோனும்

யாழ்ப்பாணத்து இளைஞன் ஒருவன் மட்டக்களப்பில் உத்தியோகம் கிடைத்துப் புறப்படும்போது, வழியனுப்ப வந்தவர்கள் அவனுக்குச் சொல்லும் புத்திமதி ஒன்று நெடுங்காலமாக வழங்கி வந்துள்ளது. அங்கே எவர் வீட்டிலும் பாயில் இருந்துவிடாதே, பாயோடு ஒட்டவைத்து விடுவார்கள் என்பதே அப்புத்திமதி. மட்டக்களப்பு மந்திரம் விளைந்த மண் என்பதும், அங்கு போன ஆண்பிள்ளை பெண்ணெடுத்து அங்கேயே தங்கிவிடுவான் என்பதும் இதன் உட்பொருள். காரணம் தேடுவோர், மட்டக்களப்பில் தாய்வழிக் குடிமுறை நிலவுவதையும், வீடு பெண்ணுக்கு உரியதாய் இருக்க மணமகன் அவ்வீடு சென்று வாழ்வதையும் சுட்டுவர். ஊர் திரும்பாத மகனைப் பற்றிய தாயின் கவலையே பகிடியாக உருமாறியது என்று கொள்வதில் தவறில்லை.

இப்பகிடி மட்டக்களப்பான் முன்னிலையிலும் சொல்லப்படுவதுண்டு. அவனும் சிரிக்கிறான். சில வேளைகளில் மற்றவர்களைவிட உரத்தே சிரிக்கிறான். ஈண்டு எழும் வினா இதுதான்: எள்ளப்பட்டவன் சிரித்துவிட்டான் என்பதனால் எள்ளல் குற்றமற்றதாகி விடுமா? அவனது சிரிப்பை அவனது சம்மதமாகக் கொள்ளலாமா?

வினா புதியதன்று. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நகை தோன்றும் களன்களாக நான்கினைக் கூறி, அவற்றுள் எள்ளலையே முதற்கண் வைத்தது. அதற்கு உரைகண்ட பேராசிரியர், தான் பிறரை எள்ளிச் சிரிப்பதும், பிறரால் தான் எள்ளப்பட்டபோது தானே சிரிப்பதும் என எள்ளல் நகையை இரண்டாகப் பகுத்தார். இரண்டாவது வகையை ஓர் உரையாசிரியர் கண்டு தனியே குறித்து வைத்தமை வியப்பிற்குரியது. மேற்றிசை அறிஞர் பலர் எள்ளுவோனின் உள்ளத்தையே ஆராய்ந்தனர். பிளேற்றோ அதில் பொறாமை கலந்த இன்பத்தைக் கண்டார். ஹொப்ஸ் திடீரெனத் தோன்றும் பெருமிதத்தைக் கண்டார். 1900ஆம் ஆண்டு சிரிப்பைப் பற்றித் தனி நூல் வெளியிட்ட பேர்க்சன், சிரிக்கும் கணத்தில் நெஞ்சு மரத்துப்போக வேண்டும் என்றார். எள்ளப்பட்டவன் ஏன் சிரிக்கிறான் என்பதை இவர்கள் அவ்வளவாகக் கேட்கவில்லை. வள்ளுவர், பண்புடைமை அதிகாரத்தில், விளையாட்டாகச் செய்யினும் இகழ்ச்சி துன்பந் தருவதே என்று கூறியபோது, துன்புறுவோன் பக்கத்தில் நின்றே கூறினார். ஆயினும் துன்புற்றவன் சிரித்தும் காட்டுவான் என்ற சிக்கலை அவரும் எடுத்துக்கொள்ளவில்லை.

இச்சிக்கலை ஆராய்வதற்கு மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளையும்விடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் இவ்வாவிக்குக் கிழக்கே கடலோடு ஒட்டிய எழுவான்கரை. மேற்கே வயல்களும் காடுகளும் சேர்ந்த படுவான்கரை. எழுவான்கரையான் படுவான்கரையானின் பேச்சையும் நடையையும் கண்டு சிரிப்பான். அவனையே யாழ்ப்பாணத்தான் ‘மறுகா’ என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு பகிடி பண்ணுவான். பட்டினத்தானுக்கு நாட்டுப்புறத்தான், அவனுக்குக் காட்டோரத்தான் என்று இவ்வரிசை நீளும். மேலும், மட்டக்களப்பின் சொந்த ஆடல்களுள் ஒன்றான மகிடியை எடுத்துக்கொண்டால், வெளியூரிலிருந்து, பெரும்பாலும் மலையாளத்திலிருந்து வந்ததாகச் சொல்லப்படும் மந்திரவாதிக்கும் ஊரவனுக்கும் இடையே நிகழும் மந்திரப் போட்டியே அதன் பொருள். மந்திரம் மட்டக்களப்பில் உள்ளது என்று யாழ்ப்பாணம் சிரிக்க, மந்திரம் மலையாளத்திலிருந்து வந்தது என்று மட்டக்களப்புச் சிரிக்கிறது! எள்ளல் தன்னைவிடத் தூரத்தில் இருப்பவனைத் தேடிச் செல்லும் இயல்புடையது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

எள்ளப்படுவோன் தூரத்தில் இருக்கும்போது அவன் சிரித்தானா இல்லையா என்ற கேள்வியே எழாது. அவன் அவையிலேயே அமர்ந்திருந்தால்? வடமோடி, தென்மோடிக் கூத்துக்கள் ஆடப்படும் வட்டக்களரி அத்தகைய அவை. சுற்றிலும் சனம், நடுவில் ஆட்டம், ஒளிந்துகொள்ள இடமில்லை. கூத்தின் புறத்தோற்றத்தைப் பற்றி எழுதியோர் பலர். அதன் பின்னணி உழைப்பே இவ்வாராய்ச்சிக்கு முக்கியமானது. கூத்துப் பழகுவதென்று ஊர் கூடி முடிவு செய்த பின், அண்ணாவியார் ஒவ்வொருவனின் குரலையும் உடலையும் பார்த்துப் பாத்திரம் வகுப்பார். அவரவர்க்குரிய பகுதியை எழுதிக் கொடுப்பதைச் ‘சட்டம் கொடுத்தல்’ என்பர். பின்னர் மாதக்கணக்கில் இரவுப் பழக்கம். சதங்கை அணிதல் ஒரு சடங்காகவே நிகழும். அதன் பின்னரே அரங்கேற்றம். இத்தனை நாட்களும் பழக்கம் நடக்கும் வளவில் ஊரார் வந்து இருப்பர். சிறுவர் தாளத்தைக் கைதட்டிப் பழகுவர். பெரியோர் பிழை திருத்துவர். ஆகவே கோமாளி எவனைக் குத்திப் பேசப் போகிறான் என்பது அரங்கேற்றத்திற்கு முன்பே ஊருக்குத் தெரிந்துவிடும். குத்தப்பட்டவனும் குத்தியவனும் மறுநாள் ஒரே வாய்க்காலில் நின்று தண்ணீர் கட்ட வேண்டியவர்கள். வசை அளவு மீறாமல் இருப்பதற்கு இந்த மறுநாளே காவல்.

இவ்விடத்தில் நிறுத்திக்கொண்டால் கிராமத்தைப் புகழ்ந்து கட்டுரையை இனிதே முடித்துவிடலாம். பலர் அவ்வாறே முடித்திருக்கின்றனர். ஆனால், களரியைச் சுற்றி இருந்தோர் யாவரும் சமமாக இருந்தவர்கள் அல்லர் என்பதை மறைத்துப் பயனில்லை. ஊருக்குத் துணி வெளுத்தவனும், முடி திருத்தியவனும், பறை அடித்தவனும் அங்கிருந்தார்கள். எங்கு இருக்க வேண்டும் என்று விதிக்கப்பட்ட இடத்தில் இருந்தார்கள். அவர்களது தொழிலையும் பேச்சையும் வைத்துக் கோமாளி சிரிப்பூட்டியபோது அவர்களும் சிரித்திருப்பார்கள். சிரிக்காமல் முகத்தைத் திருப்பிக் கொண்டிருந்தால் என்ன நேர்ந்திருக்கும்? அடுத்த போக நெல்லில் அவர்களுக்குரிய பங்கு ஊராரின் கையிலன்றோ இருந்தது? உயர்குடியைச் சேர்ந்த போடியார் தம்மைப் பற்றிய குத்தலுக்குச் சிரித்தால் அது பெருந்தன்மை. சிரிக்காவிட்டால் கோமாளி அடுத்த இரவு அடக்கி வாசிப்பான். இருவரும் ஒரே களரியில், ஒரே பகிடிக்கு, ஒரே வேளையில் சிரித்தாலும், ஒருவருக்குச் சிரிக்காதிருக்கும் உரிமை உண்டு, மற்றவருக்கு இல்லை. பேராசிரியர் கண்ட இரண்டாவது நகைக்குள் இன்னும் இரண்டு நகைகள் ஒளிந்திருக்கின்றன என்பது இதனாற் புலனாகும்.

எள்ளலின் அறத்தை அளப்பதற்கு இதுவே தக்க அளவுகோல் என்று தோன்றுகிறது. பகிடியில் உண்மை எவ்வளவு, மிகை எவ்வளவு என்று ஆராய்வது பயனற்றது; மிகையில்லாத பகிடி ஏது? எள்ளியவனின் உள்நோக்கத்தை அறிவதும் கடினம். எள்ளப்பட்டவன் சிரிக்க மறுத்தால் அவனுக்கு என்ன நேரும் என்பதை மட்டும் ஓரளவு அறிந்துகொள்ள முடியும்.

இனி வானொலிக்கு வருவோம். ரூபவாஹினி 1982இல் தொடங்கும் வரை இலங்கைத் தமிழர் வீடுகளில் நகைச்சுவைக்கு அரசு நடத்திய வானொலியே அரங்கு. 1967இல் கூட்டுத்தாபனமாக மாற்றப்பட்ட இலங்கை வானொலியின் வர்த்தக சேவையில், எழுபதுகளில் ‘கோமாளிகளின் கும்மாளம்’ என்ற தொடர் ஒலித்தது. அதை எழுதிய எஸ். ராமதாஸ் மரிக்கார் என்னும் முஸ்லிம் பாத்திரமாகவும், ரி. ராஜகோபால் யாழ்ப்பாணத்துத் தமிழ் பேசும் அப்புக்குட்டியாகவும், எஸ். செல்வசேகரன் சிங்களவர் பேசும் தமிழைப் பேசிய உபாலியாகவும், பி. எச். அப்துல் ஹமீத் ஐயராகவும் நடித்தனர். இதன் வெற்றி 1976இல் ‘கோமாளிகள்’ என்ற திரைப்படமாகவும் விளைந்தது. நால்வரின் நான்கு விதத் தமிழும் ஒன்றோடொன்று மோதுவதில்தான் சிரிப்புப் பிறந்தது. கதை இரண்டாம் பட்சம்.

ஒலிப்பதிவுக் கூடத்தின் உள்ளே எட்டிப் பார்த்தால் காணப்படுவது மிக விநோதமான காட்சி. முஸ்லிம் அல்லாத ராமதாஸ் மரிக்காராகப் பேசுகிறார். முஸ்லிமான அப்துல் ஹமீத் ஐயராகப் பேசுகிறார். தமிழரான செல்வசேகரன் உபாலியாகிறார். ஒருவரது நாவில் மற்றவரது பேச்சு குடியேறியிருக்கிறது. கேட்போருக்கு முகம் தெரியாது. குரல் ஒன்றே தெரியும். வேடம் களைந்தாலும் பெயர் களையவில்லை. மரிக்கார் ராமதாஸ், அப்புக்குட்டி ராஜகோபால், உபாலி செல்வசேகரன் என்றே மக்கள் அவர்களை இறுதி வரை அழைத்தனர். பெயரைக் கொண்டும் உச்சரிப்பைக் கொண்டும் மனிதரைப் பிரித்தறிந்து தாக்கிய 1983 ஆடிக் கலவரத்தைக் கண்ட நாட்டில், ஒரு தமிழர் சிங்களப் பெயரையும், முஸ்லிம் அல்லாத ஒருவர் முஸ்லிம் பெயரையும் பட்டம்போலத் தாங்கி நின்றனர். ராமதாஸ் 2016இல் சென்னையில் மறைந்தபோதும் மரிக்கார் ராமதாஸ் என்றே செய்தி வந்தது.

பிறர் மொழியை வேடமாக அணிவது தன்னளவில் தவறு என்று கூறுவோர் உளர். அவர்கள் பெரும்பாலும் அமெரிக்க வரலாற்றை எடுத்துக்காட்டுவர். அவ்வரலாறு புறக்கணிக்கத்தக்கதன்று. 1928இல் சிக்காகோ வானொலியில் தொடங்கிய ‘அமொஸ் அன்ட் அன்டி’ என்ற நகைச்சுவைத் தொடரில், ஃபிறீமன் கொஸ்டன், சார்ள்ஸ் கொறெல் என்னும் வெள்ளையர் இருவர் கறுப்பின மக்களின் பேச்சைப் போலச் செய்து நாடு முழுவதையும் சிரிக்க வைத்தனர். கறுப்பின மக்களுள்ளும் அதனைக் கேட்டுச் சிரித்தோர் இருந்தனர். 1931இல் ‘பிற்ஸ்பேர்க் கூரியர்’ என்ற கறுப்பினப் பத்திரிகை அதனை நிறுத்தக் கோரிக் கையெழுத்து இயக்கம் நடத்தியது. அவ்வியக்கத்தால் தொடர் அசையவில்லை. வெவ்வேறு வடிவங்களில் 1960 வரை வானொலியில் வாழ்ந்தது. கறுப்பின நடிகரைக் கொண்டு 1951இல் தொலைக்காட்சி வடிவம் வந்தபோது கறுப்பின முன்னேற்றத்திற்கான தேசிய சங்கம் எதிர்த்தது. புதிய நிகழ்ச்சிகள் 1953இல் நின்றன. பழையவற்றின் மறு ஒளிபரப்பு 1966 வரை ஓயவில்லை. தங்கள் பேச்சுக்குச் சிரிக்க மறுத்தவர்களின் மறுப்பு அந்த நிலையத்திற்குள் நுழைவதற்கு ஏறத்தாழ ஒரு தலைமுறை பிடித்தது. மேலே கூறப்பட்ட அளவுகோலால் அளந்தால் அத்தொடர் தேறாது. அங்கு மொழி ஒரே திசையில் திருடப்பட்டது. எந்தக் கறுப்பினத்தவர் வெள்ளைக்காரரின் குரலை அணிந்து நாடு முழுவதையும் சிரிக்க வைக்க அன்று அனுமதிக்கப்பட்டிருந்தார்?

‘கோமாளிகளின் கும்மாள’த்தில் திருட்டு என்று சொல்லக்கூடியது ஒன்றிருந்தால் அது நான்கு திசையிலும் நடந்தது. அப்புக்குட்டியின் யாழ்ப்பாணத் தமிழுக்குத் தனிப் பெருமை கொடுக்கப்படவில்லை. அதுவும் சிரிப்புக்கு இடமாயிற்று. இலக்கண சுத்தமான தமிழை ஒருவன் பேசி, மற்றவர்களை அவன் திருத்துவதாக அத்தொடர் அமைக்கப்பட்டிருந்தால் அதன் குணமே வேறாகியிருக்கும்.

எனினும் ஒரு குறை உண்டு. அது மட்டக்களப்பு வாவிக்கரையில் வானொலிப் பெட்டியைச் சூழ்ந்திருந்து கேட்டவர்களுக்கே நன்கு விளங்கும். நான்கு பாத்திரங்களுள் மட்டக்களப்புத் தமிழைப் பேசும் பாத்திரம் இல்லை. மலையகத் தமிழுக்கும் அந்நால்வருள் இடம் இல்லை. மரிக்கார் என்ற பெயரே மேற்குக் கரையோரத்தை நினைவூட்டுவது. காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் வாழும் முஸ்லிம்களின் பேச்சோ அயலூர்த் தமிழரின் பேச்சுக்கு மிக நெருங்கியது. தாய்வழிக் குடிமுறை இருசாராருக்கும் பொதுவாய் இருப்பதுபோலவே சொற்களும் பொதுவாய் இருக்கின்றன. ஆகவே காத்தான்குடியான் மரிக்காரைக் கேட்டபோது தன்னைக் கேட்கவில்லை. ஆரையம்பதியான் அப்புக்குட்டியைக் கேட்டபோதும் தன்னைக் கேட்கவில்லை. இருவரும் பிறரைப் பற்றிய பகிடியையே அடுத்தடுத்த ஊர்களில் இருந்து கேட்டுச் சிரித்தனர். எள்ளப்படாமையும் ஒருவகை விலக்கல்தானா? பகிடி செய்யவாவது ஒருவனை நினைவில் வைத்திருக்க வேண்டுமே! ‘மறுகா’ என்ற சொல்லுக்காகச் சிரிக்கப்படுவது அவமானம் என்றால், அச்சொல்லே அந்நால்வர் நாவிலும் தனக்கென ஓரிடம் பெறாமை அதனினும் சிறிய அவமானம் என்று எவ்வாறு கூறுவது? இவ்வினாவுக்கு ஆம் என்றோ இல்லை என்றோ விடையிறுப்பது எளிதன்று. எள்ளலை முற்றாக ஒழித்துவிட்டால் அறம் நிலைக்கும் என்போர் இதனையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

சேர்ந்து சிரித்தவர்கள் சேர்ந்து வாழ்வார்கள் என்று சொல்வதும் மேடைப்பேச்சுக்கு மட்டுமே பொருந்தும். 1990 ஆவணியில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்தோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அடுத்த சில நாட்களில் ஏறாவூரில் முஸ்லிம்கள் கொல்லப்பட்டனர். புரட்டாதியில் சத்துருக்கொண்டானில் தமிழர்கள் கொல்லப்பட்டனர். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் ஒரே தொடருக்குச் சிரித்த ஊர்கள் இவை. வானொலிச் சிரிப்பு இதனைத் தடுக்கவில்லை. வானொலிப் பகிடிதான் இதற்கு வித்திட்டது என்று கூறுவதும் அபத்தமே. சிரிப்பிற்கு அவ்வளவு ஆற்றல் இல்லை, துப்பாக்கிக்கு இருந்தது. ஒன்றை மட்டும் சொல்லலாம். அந்நாட்களுக்குப் பின் சந்தையிலும் பேருந்திலும் முன்னர் சர்வ சாதாரணமாகப் பேசப்பட்ட பகிடிகள் நாவிலேயே நின்றுபோயின. சொல்பவன் கேட்பவனின் முகத்தைப் பார்த்தான். கேட்பவன் சிரிப்பான் என்ற நம்பிக்கை போயிற்று. சிரிக்க மறுத்தால் என்ன நேருமோ என்று அஞ்ச வேண்டிய இடத்தில், பகிடி பகிடியாக நிலைக்க முடியாது.

சிரிப்பை எவர் முன்னிலையில் சோதிப்பது என்பதும் இதனோடு சேர்ந்த கேள்வி. நியூயோர்க்கில் 1975 ஒக்டோபர் 11ஆம் திகதி தொடங்கி ஐம்பது ஆண்டுகளைக் கடந்த ‘சற்றர்டே நைற் லைவ்’ என்ற தொலைக்காட்சி நிகழ்ச்சியின் உள்நடைமுறை இங்கு குறிப்பிடத்தக்கது. லோர்ன் மைக்கல்ஸ் உருவாக்கிய அந்நிகழ்ச்சிக்காக எழுத்தாளர்கள் செவ்வாய் இரவு முழுதும் விழித்திருந்து குறுநாடகங்களை எழுதுவர்; புதன்கிழமை அவை மேசையைச் சுற்றி வாசிக்கப்படும்; தேர்ந்தவை பழகப்படும். சனி இரவு எட்டு மணியளவில் ஓர் அவையினர் முன்னிலையில் முழு ஒத்திகை நடைபெறும். அவர்கள் சிரிக்காத குறுநாடகங்கள் பதினொன்றரை மணி நேரடி ஒளிபரப்பிலிருந்து பெரும்பாலும் வெட்டப்பட்டு விடும். வாரம் முழுதும் உழைத்த எழுத்தாளனுக்கு இது கொடுமை. ஆனால் விதி அதுவே. சிரிப்பு ஒன்றே அங்கு நீதிபதி. சிரித்தவர் யார், எள்ளப்பட்டவர் அந்த அவையில் இருந்தாரா என்பது கேட்கப்படுவதில்லை. எத்தனை பேர் சிரித்தனர் என்று எண்ணும் ஒத்திகை அது. எவர் சிரிக்கவில்லை என்று பார்க்கும் ஒத்திகை வேறு.

அவ்வாறான வேறு ஒத்திகை வாவிக்கரையிலேயே நடந்திருக்கிறது. அறுபதுகளில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் ‘கர்ணன் போர்’ முதல் ‘இராவணேசன்’ முதலாய கூத்துக்களைப் படச்சட்ட மேடைக்குக் கொணர்ந்து புத்துயிர் அளித்ததும், மட்டக்களப்பைச் சேர்ந்த சி. மௌனகுரு 1964இல் இராவணனாக ஆடியதும் யாவரும் அறிந்தவை. விடிய விடிய ஆடியது இரண்டு மணிக்குள் அடங்கியபோது கூத்துக்குப் பல்கலைக்கழகத்தில் மதிப்பு உண்டாயிற்று. ஆனால் அவையோர் இருட்டில் அமர்ந்தனர்; ஆடுவோனுக்கு அவர்களின் முகம் தெரியாமற் போயிற்று. இதற்கு மாறாக, 2000களின் தொடக்கத்தில் மட்டக்களப்பு நகரை அண்டிய சீலாமுனையில் சி. ஜெயசங்கரும் ஊர்க் கலைஞர்களும் ‘கூத்து மீளுருவாக்கம்’ என்ற பெயரில் மேற்கொண்ட முயற்சியில், களரி களரியாகவே இருந்தது. பழைய கொப்பியில் எழுதப்பட்டிருந்தவை பழகும் இடத்திலேயே கேள்விக்கு உள்ளாயின. சாதியைப் பற்றியும் பெண்களைப் பற்றியும் கூத்துக்கள் சொல்லிவந்தவற்றை அப்படியே ஆடுவதா, மாற்றுவதா என்று அண்ணாவியாரும் ஆடுவோரும் ஊராரும் சேர்ந்திருந்து பேசினர். மரபைக் கெடுக்கிறார்கள் என்ற முணுமுணுப்பும் எழாமல் இல்லை. மரபு என்பது கொப்பியில் உள்ளதா, வளவில் கூடியிருந்தோரிடம் உள்ளதா என்று அவர்களைத் திருப்பிக் கேட்கலாம்.

அண்ணாவியார் சட்டம் கொடுக்கும் முன்பே, குத்தப்பட இருப்பவன் அதே வளவில் பாய் விரித்து அமர்ந்து, இது சிரிப்பாக இல்லை என்று சொல்லி, அதன் பின்னரும் அடுத்த நாள் இரவு பழக்கம் பார்க்க வந்து இருக்கக்கூடிய நிலை அது. கொழும்பு ஒலிப்பதிவுக் கூடத்தில் நால்வர் நின்ற ஒலிவாங்கிக்கு முன்னால் அப்படி ஒரு பாய் விரிக்க இடம் இருக்கவில்லை.